கடுக்காய் என்று சொல்வதற்குள்

"அம்மா, நீ வந்தா நான் பேசவே மாட்டேன். எல்லாத்தையும் நீயே பேசிடுவே. இருபத்தாறு வருஷமா நீதானே பேசிக்கிட்டிருக்கே." கோதை சொன்னது இதுதான், ஒரு எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை. அதையும் சிரித்த முகத்தோடு சொன்னாள், ஏனென்றால் பத்தடி தள்ளிப் பதினெட்டுப் பேர் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக நின்று அந்தச் சிவப்புக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு, வழிகாட்டிப் பெண் யாரோ ஒரு அம்மாளுக்குப் பாத்ரூம் எந்தப் பக்கம் என்று சொல்வதாகத்தான் தோன்றியிருக்கும். "நான் கட்டடம் பார்க்க வந்திருக்கேன், உன்னைப் பார்க்க வரலை. பேரு குடுத்திருக்கேன், லிஸ்ட்ல பாரு" என்றாள் தமயந்தி. லிஸ்டில் தமயந்தி என்று யாரும் இல்லை, பன்னிரண்டாவதாக சுபத்ரா என்று அவளுடைய நாத்தனார் பெயர் இருந்தது. கோதை அதைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "அத்தை பேர்லயா? அசிங்கமா இல்ல?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், கையிலிருந்த மஞ்சள் கொடியை உயர்த்திக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துப் போய்விட்டாள். அசிங்கமாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமல் புருஷனுக்கு இட்லியை ஹாட்பாக்ஸில் அடுக்கி வைத்துவிட்டு, கோயிலுக்கு என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, பாரிமுனையில் வந்து இறங்கி, பெற்ற பெண்ணை வேவு பார்ப்பது அசிங்கம் இல்லாமல் வேறென்ன? ஆனால் வராமல் இருப்பது எப்படி? எட்டு மாதமாக இந்த நடைப்பயணச் சங்கத்தில் கொடி பிடித்துக் கடைசியில் நடந்தவள், இன்றைக்குத்தான் முதல்முறை முன்னால் நிற்கிறாள். அதோ நரைத்த பாப் தலையோடு, பருத்திப் புடவையில், குட்டி நோட்டை விரித்து வைத்துக்கொண்டு நிற்கிறாரே, அவர்தான் சங்கச் செயலாளர் ஊர்மிளா மேடம். அவர் கூடவே நடந்து பார்த்து, சரி என்றால் இனி ஒவ்வொரு ஞாயிறும் இந்த வங்கிக் கட்டடம் கோதையுடையது, சரியில்லை என்றால் மறுபடி கூட்டத்துக்குக் கடைசியில். பேசுகிற வேலை. உலகத்தில் எத்தனையோ வேலை இருக்க, போயும் போயும் பேசுகிற வேலை. திக்கும் பெண்ணுக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று தமயந்திக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வங்கிக்கு ஞாயிறு விடுமுறை என்பதால் பெரிய கதவைத் திறக்கவில்லை, காவலாளி அதிலிருந்த சின்னத் திட்டிவாசலை மட்டும் திறந்துவிட்டார், ஒவ்வொருவராகக் குனிந்து நுழைய வேண்டியிருந்தது. தமயந்தி கடைசி ஆளாக நுழைந்து முதல் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். பேசக் கூடாது, மூச்சு விடக் கூடாது, தூணோடு தூணாக நிற்க வேண்டும், ஒன்றரை மணி நேரம்தானே, பிரசவ வலியையே பதினாலு மணி நேரம் பொறுத்தவள் இல்லையா, அப்போதும் கத்தித் தீர்த்தாய் என்று நர்ஸ் சொன்னாளே, அது வேறு. உள்ளே சில்லென்றிருந்தது, ஈர நாணயத்தை முகர்ந்த மாதிரி ஒரு பித்தளை வாடை, தரையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட சலவைக்கல், தலைக்கு மேலே ரொம்ப உயரத்தில் வண்ணக் கண்ணாடிக் கூரை, அதிலிருந்து ஒரு பச்சை வெளிச்சம் இறங்கி நேராகக் கோதையின் நெற்றியில் விழுந்தது. பொட்டு வைக்கவில்லை. சொன்னால் கேட்கிறாளா. "எல்லாருக்கும் வணக்கம்" என்றாள் கோதை, குரல் கூரை வரை போய்த் திரும்பி வந்தது. "என் பேர் ஆண்டாள்." தமயந்திக்கு முதலில் புரியவில்லை, வேறு யாரோ ஒரு பெண்ணும் வரப்போகிறாளோ என்று சுற்றிப் பார்த்தாள். அப்புறம்தான் உறைத்தது. கோதையும் ஆண்டாளும் ஒருத்திதானே. 'க'வில் ஆரம்பிக்கிற எதுவும் இந்தப் பெண்ணுக்கு வராது, அதுவும் சொந்தப் பெயர் ஜென்மத்துக்கும் வராது, அதனால் பெயரையே மாற்றிக்கொண்டு விட்டாள், எவ்வளவு நாளாக, யார் யாரிடம் எல்லாம், அந்த மேடத்துக்கு இவள் கோதை என்று தெரியுமா தெரியாதா? மாமியார் வைத்த பெயர் அது. மாமியாரோடு அதற்காக மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்து, பிறகு அந்தப் பெயரே பிடித்துப்போய், பள்ளிக்கூட நோட்டுகளில் எல்லாம் கான்வென்ட் கையெழுத்தில், சாய்த்துச் சாய்த்து எழுதிக் கொடுத்தவள் தமயந்திதான். பட்டுப்புடவையை மடித்துப் பீரோவில் வைக்கிற மாதிரி, பெண் அதை உடுத்தாமலே வைத்துவிட்டாளே.

கோதைக்குத் திக்குவது ஒரே எழுத்தை அடுக்கிக்கொண்டு போகிற திக்கல் இல்லை. வாய் திறந்திருக்கும், நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும், சத்தம் வராது, அவ்வளவுதான். கழுத்தில் ஒரு நரம்பு மட்டும் தெரியும். அந்த நரம்பைப் பார்த்தவுடன் தமயந்திக்குள் யாரோ பெல் அடித்து விடுவார்கள், உடனே வார்த்தையைத் தூக்கிக் கொடுத்துவிடுவாள், தவறிக் கீழே விழப்போகிற டம்ளரைப் பிடிக்கிற மாதிரி. பிடிக்காமல் யாராவது வேடிக்கை பார்ப்பார்களா? எல்.கே.ஜி. சேர்க்கப் போனபோது, தான் படித்த அதே கான்வென்டில், அதே அறையில், சிஸ்டர் குனிந்து "பேபி, உன் பேர் என்ன?" என்று கேட்க, குழந்தையின் கழுத்தில் அந்த நரம்பு தெரிய, "கோதை, சிஸ்டர், ஷை சிஸ்டர், ரொம்ப ஷை" என்று தமயந்தி முந்திக்கொண்டாள். அதே அறையில்தான் அவள் பேச்சுப் போட்டிக் கோப்பை வாங்கியிருந்தாள், மூன்று வருஷம் தொடர்ந்து. ஒரு சொல் தடுக்கினால் ஸ்கேலால் மணிக்கட்டில் விழும், தடுக்கியதே இல்லை. தடுக்காத வாய்க்குத் தடுக்குகிற பிள்ளை. வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவியாயிற்று, நேர்ந்துகொண்டாயிற்று, கீழ்ப்பாக்கத்தில் பேச்சுப் பயிற்சிக்கு வாரம் இரண்டு நாள் அழைத்துப் போயாயிற்று. அங்கே இருந்த சின்னப் பெண், கல்யாணம்கூட ஆகாதவள், "பயிற்சி பாப்பாவுக்கு இல்ல மேடம், உங்களுக்குத்தான். அவ நிக்கும்போது மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்க, வார்த்தையை எடுத்துக் குடுக்காதீங்க" என்று சொல்ல, எனக்குப் பாடம் நடத்துகிறாயா என்று தமயந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்தாவது எண்ணிக்கை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது, நாலைத் தாண்டியதில்லை. நாலுக்குள் பஸ் கண்டக்டர் அடுத்த ஆளிடம் போய்விடுவார், நாலுக்குள் கடைக்காரர் "என்னம்மா வேணும், சீக்கிரம்" என்பார், உலகம் நாலு வரைக்கும்தான் காத்திருக்கிறது, அதற்கு மேல் காத்திருக்கிற உலகம் கீழ்ப்பாக்கத்தில் அந்த ஒரு அறையில் மட்டும்தான் இருந்தது.

"இந்த மண்டபத்தை வரைஞ்சவர் பேரு மெல்வில் துரை" என்று கோதை சொல்லிக்கொண்டிருந்தாள். "அவர் லண்டன்ல இருந்து ஒரு தடவைகூட மெட்ராஸ் வந்ததில்லை. வெயில் எப்படி இருக்கும்னு தந்தி அடிச்சுத்தான் விசாரிச்சிருக்கார்." ஏழெட்டுப் பேர் சிரித்தார்கள். தமயந்தி சிரிக்கவில்லை, அந்தச் சிரிப்பு வரப்போகிறது என்று அவளுக்கு முன்கூட்டியே தெரியும், மூன்று வாரமாகக் குளியலறைக் கதவுக்கு வெளியே துடைப்பத்தோடு நின்று முழுப் பேச்சையும் மனப்பாடம் செய்திருந்தாள். குளியலறையில் ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை, வாளிக்கும் குழாய்க்கும் சொல்லும்போது வெண்ணெயாக வந்தது. இங்கேயும் வருகிறதே, பரவாயில்லையே என்று நினைத்த அடுத்த நிமிஷம்தான் கவனித்தாள், குளியலறையில் 'கதவு' என்றது இங்கே 'வாசல்' ஆகிவிட்டது. 'கட்டடம்' என்பது 'பில்டிங்' ஆகிவிட்டது. 'கவுன்டர்' என்ற இடத்தில் ஒரு நொடி நின்று, கையால் தேக்குப் பலகையைத் தட்டி, "இதோ இந்த மேசை" என்றாள். பர்மாத் தேக்கு, நூறு வருஷம், எத்தனையோ முழங்கைகள் தேய்த்துத் தேய்த்துக் குழிவிழுந்த பலகை, எல்லோரும் தொட்டுப் பார்த்தார்கள், யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. தமயந்திக்கு மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு 'க'வுக்கும் முன்னால் பெண் ஒரு சந்துக்குள் திரும்பி, சுற்றிக்கொண்டு போய், மறுபக்கம் வெளியே வருகிறாள், வேர்க்காமல், கொடியை இறக்காமல். வீட்டில், "கட்டடம்னு நல்ல தமிழ் இருக்கும்போது என்னடி பில்டிங்" என்று எத்தனை தடவை திருத்தியிருப்பாள், எத்தனை சந்துகளை அடைத்திருப்பாள்.

அன்றைக்கும் அப்படித்தான். நாலு மாதம் முன்னால் பெண் பார்க்க வந்தார்களே, ராயபுரத்திலிருந்து, மாப்பிள்ளைக்குத் துறைமுகத்தில் வேலை. மாப்பிள்ளையின் அம்மா கேட்ட கேள்விக்கெல்லாம் தமயந்திதான் பதில் சொன்னாள், என்ன படிச்சிருக்கே, ஆர்க்கிடெக்சர் ஆன்ட்டி, சமையல் தெரியுமா, எல்லாம் தெரியும் ஆன்ட்டி, ஆன்ட்டி என்று அந்தம்மாவைத் தமயந்தி கூப்பிட்டது கோதையின் வாயாக இருந்து கூப்பிட்டது, அந்தம்மாவுக்கு இவளைவிட இரண்டு வயது குறைவு. கடைசியில் அந்தம்மா காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஏங்க, பொண்ணுக்கு வாய் பேச வராதா?" என்று கேட்டுவிட்டாள். கோதை எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்று ராத்திரி சாப்பிடவில்லை, மறுநாளும் ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் பயம், கேட்டிருந்தால் நாலு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாம். நான் இல்லாமல் போனால் இவளுக்காக யார் பேசுவார்கள் என்கிற பயம் ஒரு பக்கம், அது பழைய பயம், பழகிய நாய் மாதிரி காலைச் சுற்றிக்கொண்டே வரும். ஆனால் இங்கே, இந்தத் தூணுக்குப் பின்னால், புதிதாக ஒன்று வந்து நின்றது, அதற்குப் பயம் என்று பெயர் வைப்பதா என்றுகூடத் தெரியவில்லை. அவள் பேசிக்கொண்டிருக்கிறாள். நான் இல்லாத இடத்தில் இந்த எட்டு மாதமும் யார் யாரோடோ பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். வாயை மூடு, நின்று நின்று முழங்கால் மூட்டு வலிக்கிறது, வலிக்கட்டும், மூடு.

பிறகுதான் அந்தச் சுவர். மண்டபத்தின் வடக்குச் சுவர், வெள்ளை, பளிங்கு என்று நினைத்துத் தொட்டால் பளிங்கு இல்லை, சுண்ணாம்புப் பூச்சு, முகம் பார்க்கலாம் போலிருந்தது, பதினெட்டுப் பேரும் அதில் தங்கள் மங்கலான முகங்களைப் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார்கள். "இது மெட்ராஸ் மேஸ்திரிங்க சொந்த வித்தை" என்றாள் கோதை. "சிப்பியைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு, மணல், முட்டை வெள்ளை, வெல்லத் தண்ணி..." கிளிஞ்சலுக்குச் சிப்பி இருக்கிறது, கருப்பட்டிக்கு வெல்லம் இருக்கிறது, தமயந்தி விரலை மடக்கிக்கொண்டே வந்தாள், அடுத்து கடுக்காய். கடுக்காய்க்கு யார் இருக்கிறார்கள்? ஒருவரும் இல்லை. சந்து இல்லை. விட்டுவிடுடி, வெல்லத்தோடு நிறுத்திக்கொள், யாருக்குத் தெரியப்போகிறது, இந்தத் தொப்பிக்காரர்களுக்குக் கடுக்காய் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. ஆனால் விடமாட்டாள், அது ஊறின தண்ணீரில்தான் சாந்து இறுகும் என்று குளியலறையில் எத்தனை தடவை சொன்னாள், பொய்யான பக்குவத்தைச் சொல்ல மாட்டாள், அதில் அப்படியே அப்பா. "அப்புறம்..." என்றாள் கோதை. வாய் திறந்தது. நரம்பு தெரிந்தது. ஒன்று. வெளியே கடற்கரைச் சாலையில் ஒரு லாரி போனது. இரண்டு. ஊர்மிளா மேடத்தின் பேனா நின்றது. மூன்று. தமயந்தியின் நாக்கு நுனியில் கடுக்காய் வந்து உட்கார்ந்துகொண்டது, துவர்த்தது, நாலு, பல்லைக் கடித்தாள், புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்தினாள். ஐந்து. அப்போது முன்வரிசையில் நின்ற ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற இன்ஜினியர் நடேசன் என்று வாசலிலேயே எல்லோரிடமும் சொல்லியிருந்தார், "தயிரா?" என்று கேட்டார்.

யாரோ சிரித்தார்கள். "தயிர் இல்ல சார், பாலா இருக்கும்" என்றாள் ஜீன்ஸ் போட்ட ஒரு பெண். "நெய்!" "நெய்யை எவனாவது சுவத்துல பூசுவானா, உளுந்து!" "எங்க ஊர்ல பனஞ்சாறு விடுவாங்க." அவர்கள் விடுகதை என்று நினைத்துவிட்டார்கள். வழிகாட்டிப் பெண் வேண்டுமென்றே நிறுத்தி, கண்டுபிடியுங்கள் பார்ப்போம் என்று நிற்கிறாள் என்று நினைத்து, பதினெட்டுப் பேரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளாகிக் கைதூக்கினார்கள். ஊர்மிளா மேடம்கூடப் புன்னகையோடு எதையோ குறித்தார். ஆறு. நல்லவேளை, தெய்வமே கொண்டுவந்து கொடுத்த சந்து, அதில் நுழைந்து போய்விடு, ஏழு, கோதையின் முகத்தில்கூட லேசாக ஒரு தெளிவு வந்தது, தலையை ஆட்டினாள், இல்லை என்பதாக, இன்னும் சொல்லுங்கள் என்பதாக. எட்டு. எட்டு வரை வந்துவிட்டாள் தமயந்தி, வாழ்நாளில் முதல்முறை. அந்த நடேசன் விடவில்லை, "அட சொல்லும்மா, எவ்வளவு நேரம்தான் யோசிக்க வைப்பே, அரிசிக் கஞ்சிதானே, சொல்லு சொல்லு" என்று விரலைச் சொடுக்கினார், சொடுக்கு, சொடுக்கு, அந்தச் சொடுக்கு தமயந்திக்குத் தெரியும், அது அவளுடைய சொடுக்கு, சாப்பாட்டு மேசையில், ஆட்டோவில், டாக்டர் முன்னால், இருபத்தாறு வருஷச் சொடுக்கு, இன்னொருவர் கையிலிருந்து வந்து அவள் கன்னத்தில் விழுந்தது. தூணை விட்டு வெளியே வந்துவிட்டாள். "கொஞ்சம் சும்மா இருங்க சார்! அவளுக்குத் திக்கும். அவளே சொல்லுவா, விரலைச் சொடுக்காதீங்க!"

கூரை அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது, திக்கும், சொல்லுவா, சொடுக்காதீங்க என்று முழுசாக, கோப்பை வாங்கிய உச்சரிப்பில். பதினெட்டுத் தலையும் திரும்பி முதலில் அவளைப் பார்த்தது, பிறகு கோதையைப் பார்த்தது, வேறு மாதிரிப் பார்த்தது. வார்த்தையை எடுத்துக் கொடுக்கவில்லையே, சத்தியமாகக் கொடுக்கவில்லை, கடுக்காயை அப்படியே விழுங்கிவிட்டாளே, அது கணக்கில் இல்லையா? கணக்கில் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. கதவைச் சாத்தியிருந்த ஒரு பெண்ணின் வீட்டுக் கூரையைப் பிரித்துவிட்டாள். நடேசன் "ஐயோ, நான் அப்படி... ஸாரிம்மா" என்று கோதையிடம் குழைந்தார், அந்தக் குழைவு சொடுக்கைவிட மோசமாக இருந்தது. கோதை யாரையும் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள். கையை அந்தப் பூச்சின் மேல் வைத்தாள். வாய் திறந்தபடியே இருந்தது, ரொம்ப நேரம் இருந்தது, இந்த முறை யாரும் சிரிக்கவில்லை, பிறகு எங்கோ அடியிலிருந்து, கிணற்றில் விழுந்த வாளியை இழுக்கிற மாதிரி, "...கடுக்காய்" என்று வந்தது. "அதை ஊறப்போட்ட தண்ணி விட்டாத்தான் இறுகும்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அந்தம்மா சொன்னது சரிதான். எனக்குத் திக்கும். அதனால அரைமணி அதிகமா ஆகலாம், அவசரமா போகணும்னு இருக்கிறவங்க போகலாம். இப்ப மாடி. இரும்புச் சுழல்படி, மூட்டு வலி இருக்கிறவங்க இங்கேயே இருங்க." அந்தம்மா என்றாள். யாரும் போகவில்லை, எல்லோரும் அவள் பின்னால் ஏறினார்கள், படி கிணுகிணுவென்று அதிர்ந்தது, ஊர்மிளா மேடம் கடைசியாக ஏறும்போது ஒரு கணம் நின்று தமயந்தியைப் பார்த்துவிட்டுப் போனார்.

கீழே அவளும் காவலாளியும் மட்டும். காவலாளி பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டார், அவள் உட்காரவில்லை. தலையைத் தூக்கிக் கேட்டுக்கொண்டு நின்றாள். மேலே கோதையின் குரல் மாடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. "இந்தக்... கட்டடத்துக்கு" என்றாள். பில்டிங் இல்லை. "அந்தக்... கதவு ரங்கூன்ல செஞ்சது." வாசல் இல்லை. நேராகப் போகிறாள், ஒவ்வொன்றிலும் முட்டிக்கொண்டு, நின்று, நின்று, சந்தெல்லாம் விட்டுவிட்டு நடுச்சாலையில் போகிறாள், பைத்தியக்காரி, ஒன்றிரண்டையாவது சுற்றிக்கொண்டு போயேன்டி, என்ன வீம்பு, இது வீம்பா, இல்லை என் மேல் இருக்கிற கோபத்தில் போகிறாளா, எதில் போனால் என்ன, மேலே யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. நிற்கும்போதெல்லாம் பதினெட்டுப் பேரும் நின்றார்கள், ஒரு செருப்புகூட நகரவில்லை. ஒரு முறை ரொம்ப நேரம் சத்தமே வரவில்லை, தமயந்தி கீழே சலவைக்கல்லின் கறுப்புக் கட்டத்தில் கால் விரல்களை மடக்கிக்கொண்டு நின்றாள், விழுந்துவிட்டாளோ, அழுகிறாளோ, ஓடி ஏறலாமா, மூட்டு, மூட்டாவது மண்ணாவது, என்று முதல் படியில் காலை வைத்தபோது, மேலே எல்லோரும் ஒன்றாகச் சிரித்தார்கள், கோதையும் சிரித்தாள், கதவைப் பற்றி ஏதோ வேடிக்கை சொல்லியிருக்கிறாள். அது குளியலறையில் சொல்லாத வேடிக்கை. அவளுக்குத் தெரியாத வேடிக்கை. காலை எடுத்துவிட்டாள்.

இறங்கி வரும்போது ஊர்மிளா மேடம், "அடுத்த ஞாயிறு இருபது பேர் வருவாங்க, சமாளிச்சுப்பே இல்ல?" என்று கேட்டார், கோதை தலையை மட்டும் ஆட்டினாள். தமயந்திக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது, கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொருவராகத் திட்டிவாசல் வழியே குனிந்து வெயிலுக்குள் போனார்கள். நடேசன் போகும்போது தமயந்தியிடம் வந்து, "உங்க பொண்ணாம்மா?" என்று கேட்டார், அவள் கோதை இருந்த பக்கம் பார்த்தாள், அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். மேடமும் போனார். கோதை குனிந்து, யாரோ விட்டுப்போன தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டாள், பெயர் அட்டைகளை அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டாள், கொடியைக் கம்பில் சுருட்டினாள், எதையும் அவசரமில்லாமல். ஸாரி என்று சொல்லலாம். வீட்டுக்கு வா, அடை வார்த்துத் தருகிறேன் என்று சொல்லலாம். உன் பேச்சில் மூன்று இடத்தில் இலக்கணம் தப்பு என்றும் சொல்லலாம், அதுதான் சுலபமாக வரும். மேலே பேசியதில் அந்த வேடிக்கை ஒன்றைத் தவிர ஒரு வார்த்தை விடாமல் அவளுக்குக் கேட்டிருந்தது, அந்தக் கூரை எதையும் மறைக்கிற கூரை இல்லை. ஆனாலும் "எனக்கு மாடியில பேசினது சரியா கேக்கலைடி" என்றாள். கோதை நிமிர்ந்தாள். உதடு லேசாகப் பிரிந்திருந்தது. ஒரு வார்த்தை வந்துகொண்டிருக்கிறதா, வரவே போவதில்லையா என்று இந்த முகத்தைப் பார்த்து இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாளும் அவளால் சொல்ல முடிந்ததில்லை, அவள்தான் அதுவரை இருந்து பார்த்ததே இல்லையே. காவலாளி சாவிக்கொத்தை ஆட்டினார். வெளியே யாரோ ஆட்டோவைக் கூப்பிட்டார்கள். கோதை கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அப்படியே நின்றாள்.

"அந்தக் கதவைப் பத்தி என்னமோ சொன்னியே, எல்லாரும் சிரிச்சாங்களே. அதை மட்டும் எனக்கு இன்னொரு தடவை சொல்லேன், கோதை."